பிறந்தநாளுக்குக் கொடுத்த ஐம்பது தோட்டா

மொன்டானா
நவம்பர் 12, ஞாயிறு

லோவலுக்கு வெண்டல் எழுதுவது.

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைப் பிரிக்காமலே அடுப்பில் போடத் தோன்றும். போன கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய வாழ்த்து அட்டைக்கு அதுதான் நடந்தது என்று உன் மகள் ஜோலீன் சொன்னாள். இதை மட்டும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. உன் தங்கை ஆர்லீனுக்காகக் கேட்கிறேன். எனக்காக உன்னிடம் எதையும் கேட்கிற வழக்கம் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

ஆர்லீனின் உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜோலீன் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். போன வருட மருந்தில் அடங்கியிருந்த புற்றுநோய் இப்போது ஈரலுக்குப் போய்விட்டது. மருந்தை நிறுத்திவிட்டார்கள். பனிக்காலத்தைத் தாண்டுவாள் என்கிறார் டாக்டர். அதற்குப் பிறகு என்ன என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நன்றித் திருநாளுக்கு உன் வீட்டில்தான் இருப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். ஜோலீன் செவ்வாய்க்கிழமை வந்து அழைத்துப்போகிறாள். நான் வரவில்லை. வந்தால் நீ வாசலிலேயே நிறுத்துவாய் என்பது ஒரு காரணம். இன்னொன்று பின்னால் வருகிறது.

இப்போது தோட்டா விஷயம்.

போன வருடம் செப்டம்பரில் உன் அறுபதாவது பிறந்தநாளுக்கு நான் வீட்டில் கையால் நிரப்பிக் கொடுத்த ஐம்பது தோட்டாவில் ஏழாவது, துப்பாக்கி கிளப் மைதானத்தில் உன் அப்பாவின் பழைய துப்பாக்கிக்குள் வெடித்து உன் வலது கண்ணை எடுத்தது. மிச்சம் நாற்பத்துமூன்றையும் பாதுகாப்புக் குழு பூட்டி வைத்துக்கொண்டது. ஒரு வருடம் அலமாரியில் கிடந்தன. ஒன்றைப் பிரித்து எடைபோட்டுப் பார்க்கலாம் என்று அங்கே ஒருவனுக்கும் தோன்றவில்லை. வாத்தியார் வெடிமருந்தை அதிகமாகப் போட்டுவிட்டார், அவ்வளவுதான் முடிவு. குழுத் தலைவன் டுவெய்ன் என் பெயரைக் கிளப்பின் சுவர்ப்பலகையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினான். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பள்ளியில் இரண்டு முறை வேதியியலில் தோற்றவன் அவன். தோற்கடித்தவன் நான். அதை அவன் மறக்கவில்லை. நானும்தான்.

நீ மட்டும் என்ன? ஆஸ்பத்திரி நடையில், கட்டுப் போட்ட முகத்தோடு, எல்லோர் முன்னாலும் சொன்னாய். "இருபத்தாறு வருஷமா பசங்களுக்கு அளக்கச் சொல்லிக் குடுக்கறான். இவனுக்கு அளக்கத் தெரியல. இனிமே இவன் என் கண்ணு முன்னால வரவே கூடாது." பிறகு, "மிச்சம் இருக்கற கண்ணு முன்னால" என்று திருத்திக்கொண்டாய். வலியிலும் உனக்கு அந்த நக்கல் போகவில்லை. அன்றைக்குக் காலையில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுடு என்று உன்னிடம் சொன்னேன். "இது என்ன வாத்தியாரே, உன் வகுப்பா?" என்று கேட்டுவிட்டு அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டாய். அந்த வார்த்தையை நான் எந்த விசாரணையிலும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பல நாள் சொல்லத்தான் நினைத்தேன்.

மறுவிசாரணை வேண்டுமென்று எழுதிக் கேட்டு, செப்டம்பர் கடைசியில் தோட்டாக்களைத் திரும்ப வாங்கினேன். சுத்தியால் தட்டித் தட்டி நாற்பத்துமூன்றின் குண்டுகளையும் கழற்றினேன். உள்ளே இருந்த மருந்தை ஒவ்வொன்றாகத் தராசில் கொட்டினேன். ஒரு கிரெய்ன் எடையில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை, லோவல். நாற்பத்துமூன்றும் ஒரே அளவு, என் நோட்டில் எழுதியிருந்த அதே அளவு. கராஜில் தனியாக நின்று கத்தினேன். டுவெய்னின் மூஞ்சியை நினைத்தேன். உன் மூஞ்சியையும் நினைத்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மருந்து சரியாக இருந்தால் ஏன் வெடித்தது என்று டுவெய்ன் கேட்பான். அதற்குப் பதில் இல்லாமல் போக நான் விரும்பவில்லை. குண்டின் பருமனைப் பார்த்தேன், சரி. நீளம் சரி. பொறி கொடுக்கிற பிரைமர் சரி. கடைசியாகப் பித்தளைக்கூடுகளுக்கு வந்தேன். பல முறை சுட்ட கூடு அடிப்பக்கம் உள்சுவரில் மெலியும், அங்கேதான் துண்டாகும். அதைக் கண்டுபிடிக்கக் கம்பியின் முனையை வளைத்து உள்ளே விட்டுத் தடவுவோமே, அப்படித் தடவினேன். அடியில் பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் கம்பி வழியெல்லாம் சிக்கிச் சிக்கி வந்தது, விரல் நகம் துணியில் மாட்டுகிற மாதிரி. ஒன்றை ரம்பத்தால் நெடுக அறுத்து இடுக்கியில் வைத்து அழுத்தினேன். நல்ல பித்தளை வளையும். இது பிஸ்கட் மாதிரி முறிந்தது.

அதே பெட்டியில் வாங்கி, அதே எண்ணிக்கை சுட்ட வேறு கூடுகள் என்னிடம் இருந்தன. அவற்றை அழுத்தினேன். வளைந்தன. இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். என்னுடையவை எப்போதும்போல் எந்திரத்தில் வால்நட் ஓட்டுத்தூளோடு உருண்டு மெருகேறியவை. உனக்குக் கொடுத்தவை ஆர்லீன் கையால் கழுவியவை.

அவள் ஏன் கழுவினாள் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். போன வருடம் ஜூலையில், மூன்றாவது மருந்து ஏற்றி வந்த வாரம், படுக்கையறையில் கிடந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் கராஜில் என் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வெண்டல், அதைக் கொஞ்சம் நிறுத்தறியா? என் மண்டைக்குள்ளயே ஓடற மாதிரி இருக்கு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த வீட்டுல எனக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் நிறுத்திடவா?" அந்த வருடம்தான் தலைமையாசிரியர் பதவியை என்னைவிடப் பத்து வயது சின்னவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோபத்தை எல்லோரிடமும் காட்ட முடியாது. வீட்டில் காட்டினேன். அவள் திரும்பிப்போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பள்ளி வேலையாய் நான் வெளியே போயிருந்த இரண்டு நாளில் உனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஐம்பதையும் கழுவிக் காயவைத்து, என் மேசைமேல் வரிசையாய் நிறுத்தியிருந்தாள். அப்படி ஒரு பளபளப்பை நான் பார்த்ததில்லை. "எப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். "அது என் ரகசியம். இனிமே உன் எந்திரத்துக்கு லீவு" என்றாள். சமாதானம் ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

போன மாதம் கேட்டேன். சமையலறையில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட முடியாது. ஆனாலும் நறுக்குவாள். லோவலுக்குக் கொடுத்த கூடுகளை எதில் கழுவினாய் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். சிரித்தாள். "ஒரு வருஷம் கழிச்சு இப்பத்தான் ரகசியம் வேணுமாக்கும்? ஜன்னல் துடைக்க வாங்கி வெச்சேனே, அம்மோனியா, அதுதான். முழு பாட்டிலையும் வாளியில ஊத்தி ரெண்டு நாள் ஊறப்போட்டேன். உன் எந்திரம் ஒரு வாரம் கதறினாலும் அப்படிப் பளபளன்னு வராது." பிறகு, "ஏன் கேக்கற?" என்றாள். "சும்மாதான்" என்றேன்.

அம்மோனியா பித்தளையைத் தின்னும், லோவல். வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே மயிரிழை மயிரிழையாய் வெடித்திருக்கும். ஏழாவது தோட்டா பக்கவாட்டில் பிளந்து அழுத்தமெல்லாம் பின்னால் வந்தது. புதிய துப்பாக்கியென்றால் வாயு வெளியேறத் துளை இருக்கும். உன் அப்பாவின் துப்பாக்கியில் அது வருவதற்கு உன் முகம்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் மாதம் வகுப்பில் ஒரு பித்தளைத் தகட்டை அம்மோனியா ஜாடிக்குள் தொங்கவிட்டு, மறுவாரம் எடுத்து, மாணவர்கள் முன்னால் இரண்டு விரலால் முறித்துக் காட்டுகிறவன் நான். இருபத்தாறு ஏப்ரல். அந்த ஐம்பது கூடும் என் மேசைமேல் நின்றபோது ஒன்றைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உறுதி செய்துகொள்ள மூன்று கூடுகளைப் பல்கலைக்கழகத்தில் உலோகம் பார்க்கிற ஒருவருக்கு அனுப்பினேன். இரண்டு பக்கத்தில் பதில் எழுதினார். மருந்து அளவில் பிழை இல்லை, பித்தளை அம்மோனியாவால் கெட்டிருக்கிறது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருக்கிறார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். கண் உன்னுடையது. உண்மை தெரியவேண்டிய முதல் ஆள் நீதான். இதை மறைத்துவிட்டு உன்னிடம் உதவி கேட்டால் நான் மனிதனே இல்லை.

வரும் சனிக்கிழமை மறுவிசாரணை வைத்திருந்தார்கள். அந்தக் கடிதத்தை எழுந்து நின்று எப்படிப் படிக்க வேண்டும், எந்த வரியில் நிறுத்தி டுவெய்னைப் பார்க்க வேண்டும் என்பதுவரை பழகி வைத்திருந்தேன். கண்ணாடி முன்னால் நின்றுகூட. படித்தால் அடுத்த கேள்வி அம்மோனியா எங்கிருந்து வந்தது என்பதுதான். இந்த ஊரில் மதியம் சொன்னது சாயங்காலத்துக்குள் ஆர்லீனின் காதுக்கு வந்துவிடும்.

அதனால் வியாழக்கிழமை டுவெய்னுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குத் தராசைச் சரிபார்க்காமல் நிரப்பினேன், ஒன்றில் அதிகம் விழுந்திருக்க வேண்டும், தவறு என்னுடையது, விசாரணை வேண்டாம் என்று. உடனே போன் செய்தான். "கடைசியில ஒத்துக்கிட்டீங்களே வாத்தியாரே, அதுக்கும் ஒரு பெரிய மனசு வேணும். பதினாலு மாசம் ஆனாலும் பரவாயில்ல" என்றான். பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தேன். 

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. ஆர்லீன் அங்கே வருவது பண்டிகைக்காக மட்டும் இல்லை. எனக்காக உன்னிடம் வாதாட வருகிறாள். முந்தாநாள் சொன்னாள். "நீ தப்பா எடை போட்டிருக்கவே மாட்ட. முப்பது வருஷமா உப்பைக்கூட அளந்து போடற ஆளு நீ. நான் லோவல்கிட்ட பேசறேன். மருந்து இல்லன்னா வேற என்னன்னு உக்காந்து யோசிப்போம். மூணு பேரும் முட்டாளா என்ன?" அவள் யோசித்தால் கண்டுபிடித்துவிடுவாள், லோவல். உங்கள் இருவரில் மூளை யாருக்கு என்று உனக்கே தெரியும். மிச்சம் இருக்கிற மாதங்களை, தன் அண்ணனின் கண்ணைத் தான் எடுத்தோம் என்று தெரிந்துகொண்டு அவள் கழிக்கக் கூடாது.

அதனால் அவள் எனக்காகப் பேசும்போது நீ இளகிவிடாதே. வெண்டல் தன் கைப்பட ஒத்துக்கொண்டு எழுதிவிட்டான் என்று சொல். பல்கலைக்கழகக் கடிதத்தை அவள் வருவதற்கு முன் எரித்துவிடு. என்னைத் திட்டு. ஆஸ்பத்திரியில் திட்டியதைவிடக் குறைவாக வேண்டாம். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ திடீரென்று நல்லவனாகிவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். இத்தனை நாள் நீ செய்துவந்ததைத்தான் செய்யச் சொல்கிறேன். உனக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இருக்காது. நானும் எதிரில் இருந்தால் நம் முகத்திலேயே அவள் படித்துவிடுவாள், நான் வராததற்கு இன்னொரு காரணம் அதுதான்.

பொய் எழுதிக் கொடுக்கிறேன் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தராசைப் பற்றி எழுதியது பொய்தான். மற்றது அவ்வளவு பொய் இல்லை என்று பட்டது. அந்த எந்திரத்தை அன்றைக்கே நிறுத்தியிருந்தால் அவள் வாளியை எடுத்திருக்கமாட்டாள்.

நீ ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. மறக்கவில்லை. அது வேறு.

அவளுக்குக் கால் சில்லிட்டுப்போகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவை. வலி மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மறந்துவிட்டதாகப் பாவனை செய்வாள், தூங்கிப்போய்விடுவோம் என்று பயம். கொடுத்துவிடு. வான்கோழியில் ஒரு துண்டு அவள் தட்டில் இருக்கட்டும். சாப்பிடவில்லை என்றால் வற்புறுத்தாதே. சின்ன வயதில் நீங்கள் இருவரும் அப்பாவின் டிரக்கைக் குளத்தில் இறக்கிய கதையைச் சொல். எனக்குச் சொல்லும்போதெல்லாம் பாதியில் சிரித்து நிறுத்திவிடுவாள். முடிவு எனக்கு இன்னும் தெரியாது.

அவள் இல்லாத காலம் வந்த பிறகு, என்றைக்காவது மனம் வந்தால், நான் அளந்தது சரி என்று ஒரு வரி எனக்கு எழுது. யாருக்கும் காட்டமாட்டேன். அந்தக் கடிதம் முடிந்தவரை தாமதமாகவே வரட்டும் என்று, பிரார்த்தனையில் நம்பிக்கை இல்லாத நான், தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் தங்கையின் கணவன்,
வெண்டல் ஹாகன்