‘வேணாம்’ என்று சொன்னதற்கான கூலி

இன்று மாலை ஜாலான் புசார் தெருவில் மழைக்கு ஒதுங்கினேன். பக்கத்துக் கடையிலிருந்து பெயிண்டும் புதுக்கயிறும் கலந்த வாசம் வந்தது. கண்ணை மூடினால் அப்படியொரு கடையின் மாடியில் நம் அலுவலக அறை, சோம்பலாகச் சுற்றும் மின்விசிறி, சன்னலோரம் நீ. எண்பதுகளின் தொடக்கம். இரண்டு கணக்காளர்கள் சேர்ந்து சொந்த அலுவலகம் திறந்திருந்த புதிது.

செம்பவாங்கிலிருந்து ஒருவர் வந்தாரே, கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்புபவர். மனைவி பெயரில் இன்னொரு கம்பெனி தொடங்கினால் வரி குறையுமா என்று கேட்டார்.

“மிச்சமாகுறதுல பத்துல ஒரு பங்கு உங்களுக்கு லா,” என்றார்.

வாடகை நினைப்பில் நான் தலையாட்டிவிட்டேன். நீ சிரித்தாய்.

“பத்துல ஒண்ணு கடவுளுக்குக் குடுங்க, அண்ணே. எங்களுக்கு வேலைக்கு உள்ள கூலி போதும். மிச்சமானாலும் ஆகலைன்னாலும் அதான்.”

தொகையைச் சொன்னாய். அவரும் சரி என்றார். அடுத்த வாரங்களில் அவருடைய வரவு செலவுக்குள் நீ மெல்ல உலவிக்கொண்டிருந்தாய், தெரியாத ஊரில் நடப்பவளைப் போல.

அவர் திரும்பி வந்த மதியமும் மழைதான்.

“இருக்கறபடியே விட்டுடுங்க, அண்ணே. ரெண்டாவது கம்பெனி வேணாம். அதோட செலவு, மிச்சமாகுற வரிய முழுங்கிடும்.”

அவர் முகம் சிவந்தது. “ஒண்ணும் செய்யாதன்னு சொல்றதுக்கா காசு?”

“ஆமாண்ணே. பங்கு பேசியிருந்தா, இதச் சொல்ல எனக்கு மனசு வந்திருக்குமா?”

அவர் காசோலையை எழுதி வைத்துவிட்டு, தேநீரைத் தொடாமல் இறங்கிப் போனார். மனிதர் இனி வரமாட்டார் என்று நான் முணுமுணுத்தேன். நீ அவருடைய தேநீரையும் எடுத்துக் குடித்தாய்.

மறுவருடம் வந்தார், மச்சானையும் கூட்டிக்கொண்டு. வாசலிலேயே அவனிடம் சொன்னார்: “இவங்க வேணாம்னா, வேணாம்தான்டா.”

நீ போனபின் அந்த அறையை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்தபடி சிலருக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறேன். மிச்சத்தில் பங்கு தருவதாக இன்னும் யாராவது ஆசை காட்டத்தான் செய்கிறார்கள். எதிரில் இருப்பவரிடம் கடைசியில் ‘செய்யாதீர்கள்’ என்று சொல்ல நேர்ந்தாலும் எனக்குக் கட்டுப்படியாகிற தொகை எதுவோ, அதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன், தோழி.