மூடி கழற்றாத படம்

மச்சான், உன்னுடைய கள்ள ஜெர்மன்காரன், அந்தக் கமரா, திரும்பி வந்துவிட்டான். என் மேசைமேல் குந்தியிருக்கிறான். தோல் உறையில் உமியும் துருவும் கலந்த மணம்.

எரிந்து கிடந்த உன் செட்டிபாளையத்து வீட்டை இடித்தபோது, பழைய நெற்பெட்டி இருந்த இடத்தில் மண்ணுக்குள் பொலித்தீன் சுற்றிக் கிடந்ததாம். உன் மனைவி பயத்தில் புதைத்தது. எங்கே புதைத்தோம் என்று மறந்தே அவள் செத்துப்போனாள். கமரா தொலைந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஓம், நிம்மதிதான். உன்னிடம் இனி எதை மறைக்க?

"மாமா, உள்ளுக்கு பிலிம் இரிக்கி. அப்பாட படம் அதிலதான் எண்டு அம்மாட்டச் சொன்னீங்களே. கழுவித் தாங்க" என்றாள் உன் மகள். காணாமல்போனவர்களுக்கான படிவத்தில் படம் ஒட்ட வேண்டுமாம். உங்கள் கல்யாணப் படம் வீட்டோடு எரிந்தது. அடையாள அட்டை உன் சட்டைப்பையோடு போனது. நீ போனபோது அவளுக்கு ஒன்றரை வயது. "சரி புள்ள" என்றேன்.

செங்கலடிச் சந்தியில் நம் ஸ்டூடியோ. நீ எடுப்பாய், நான் கழுவுவேன். கொழும்பில் எவனோ அசல் ஜெர்மன் என்று உன் தலையில் கட்டிய கமரா இது. லென்சைக் கழற்றினால், அசலில் உருளும் சின்னச் சில்லு இருக்கும் இடத்தில் இதில் ஓர் ஆப்புத்துண்டு. ரஷ்யாக்காரன் பார்த்துச் செய்த நகல், அதன்மேல் ஜெர்மன் பெயரை வெட்டியிருக்கிறார்கள். "பேர்தான்டா கள்ளம், படம் கள்ளமில்ல" என்று நீ சிரித்தாய்.

பிலிமைச் சுற்றாமல் ஷட்டர் வேகத்தை மாற்றினால் உள்ளே பல் உடையும் என்று என்னைத் தொடவே விடமாட்டாய். இன்னொரு வில்லங்கமும் இருந்தது. பார்க்கும் துவாரம் லென்சுக்கு மேலே தனியாக இருப்பதால், மூடியைக் கழற்றாவிட்டாலும் எல்லாம் தெளிவாகத் தெரியும். ஒரேயொரு முறை நம்பித் தந்தாய். ஒரு சாமத்தியச் சடங்கு முழுவதையும் மூடியோடு எடுத்துவந்தேன். "மூடியப் பாருடா மூதேவி!" என்று ஒரு கிழமை முழுக்க ஏசினாய்.

பிறகு அந்தச் சண்டைக் காலம். தோளில் துவக்கோடு வந்தவர்கள் நம் நெகட்டிவ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் சிரித்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியாரை மறுகிழமை வீடு தேடிப் போய்க் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு நீ யாருடைய படத்திலும் நிற்கவில்லை.

உன் மனைவிதான் விடவில்லை. "ஒண்டே ஒண்டு, புள்ளையோட" என்று பிடிவாதம். நீயே பிலிமைச் சுற்றி, வேகம் வைத்து, என் கையில் தந்துவிட்டு, வாவிக்கரை வேலியோரம் பிள்ளையோடு நின்றாய். பொத்தானை அமத்தினேன். பிறகுதான் கண்டேன், மூடி கழற்றவில்லை. உன் ஏச்சுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை, நாளைக்குச் சொல்வோம் என்றிருந்தேன். விடிந்து சந்திக்குப் போன நீ திரும்பவேயில்லை.

சாப்பிடாமல் கிடந்த உன் மனைவியிடம், "அழாத தங்கச்சி, அவரப் படம் எடுத்திரிக்கன், அதுக்குள்ள இரிக்கார்" என்றேன். கழுவித் தரக் கேட்டபோது, "இப்ப ஆபத்து" என்று தள்ளிப்போட்டேன். அந்தப் பயத்தில்தான் புதைத்தாள்.

நேற்று அடித்தட்டைத் திருகித் திறந்து பிலிமை எடுத்துக் கழுவினேன். நீ எடுத்த அடையாள அட்டை முகங்கள் புகை படிந்தபடி ஒவ்வொன்றாக வந்தன. கடைசிக் கட்டம் வெறுமை. தெரிந்ததுதான், ஆனாலும் அழுதேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ எனக்கு நேரே, ஆறடி தள்ளி நின்றாய். ஒரு கிழமை என்னை ஏசிய மனிதனுக்கு அந்தக் கறுப்பு மூடி கண்ணில் படாமலா போயிருக்கும்? "எடுத்திட்டியா? சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். உன் முகம் பிலிமில் விழாததில் உனக்கு நிம்மதி, என்ன? எனக்கு உன்னில் பயம், உனக்கு அவர்களில் பயம். நாம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டதில் உன் பிள்ளைக்குத்தான் அப்பாவின் முகம் இல்லாமல் போனது.

இன்று காலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் வெறும் கட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தாள். பிறகு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு கதிரையை இழுத்துப்போட்டாள்.

"அப்ப நீங்க சொல்லுங்க மாமா. அப்பாட முகம் எப்பிடி?"

உன்னோடு நெருங்கிப் பழகியவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம், எனக்கும் எழுபத்திரண்டு. அகன்ற நெற்றி என்றேன். முன்பல் ஒன்று சற்றே ஏறியிருக்கும் என்றேன். புருவத்தில் வெட்டுத் தழும்பு என்றேன்.

"எந்தப் புருவம் மாமா?"

கண்ணை மூடிப் பார்த்தேன், நீ வரவில்லை. "இடது" என்று சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

மச்சான், இடதுதானே?