வியர்க்காத இருவர்

ஏப்ரல் 8, செவ்வாய்

கீழ்வீட்டு மிஸஸ் டான் மேலே வந்து கதவைத் தட்டினார். ஜன்னலுக்கு வெளியே துணி காயும் எங்கள் கழியிலிருந்து அவருடைய போர்வைமேல் சொட்டுகிறதாம். சொட்டுவது என் குளிர் ஜாக்கெட்டுகள். நேற்றுக் காலை காயப்போட்டவை.

உம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். கதவைச் சாத்தியதும் என்னிடம் திரும்பினார். “ஊரு உலகத்துல சட்டைய காயவச்சுப் போடுவாங்க. நீ ஒருத்தன்தான் நனைச்சுப் போடச் சொல்றே, இம்ரான்.”

என் வேலையை இதைவிடச் சுருக்கமாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. ஓடி முடித்தவர்கள் அணிய வேண்டிய உடுப்பு. நீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டால், அந்த ஈரம் ஆவியாகும்போது உடலின் சூட்டையும் எடுத்துப் போகும். போக வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

லாத்தாவோடு லாயத்துக்கு, சக்கர நாற்காலி ஏறும் டாக்சியில். ஈசூனிலிருந்து கிராஞ்சிவரை அவளுக்கும் ஓட்டுநருக்கும் துரியான் பழம் பற்றி விவாதம். இருவரும் தோற்கவில்லை.

இதை நான் எழுதியே பார்த்ததில்லை. எழுதுகிறேன்: லாத்தா என்று நான் கூப்பிடும் என் அக்கா ஃபர்சானா. மூன்று வருடத்துக்கு முன் விரைவுச்சாலையில் விபத்து. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உணர்ச்சி இல்லாத இடத்தில் வியர்வையும் இல்லை. அது எங்களுக்கு உறைத்தது முதல் வெயிலில், பேருந்து நிறுத்தத்தில், அவள் பேச்சு குழறி மயங்கியபோது.

ஏன் குதிரை ஏறுகிறாய் என்று கேட்டிருக்கிறேன். “மூணு வருஷமா எல்லாரோட இடுப்பையும் பாத்துப் பேசிட்டிருக்கேன்டா. மேல இருந்து பாத்தாத்தான் தெரியுது, ஒனக்கு முடி கொட்டுது.”

அவள் ஏறுவது பண்டோங்மேல் மட்டும். பண்டோங் என்றால் இங்கே ரோஸ் பால்; அந்த நிறத்தில் மூக்கு, அதனால் அந்தப் பெயர். நியூசிலாந்தில் பிறந்து, இங்கே பந்தயம் ஓடி ஓய்ந்தவன். அவள் உடல் ஒரு பக்கம் சரிந்தால் மற்றக் குதிரைகள் நின்றுவிடும். இவன் அந்தப் பக்கம் ஓர் அடி வைத்து அவளை நடுவுக்குக் கொண்டுவருவான். யாரும் கற்றுத்தரவில்லை.

இன்று கால்நடை மருத்துவர் சுதா வந்திருந்தார். ஒரு சுற்று முடித்து நின்றவனின் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். நெருப்பாகச் சுட்டது. ஆனால் காய்ந்திருந்தது.

“வேர்க்கறது நின்னு போச்சு. குளிர் நாட்டுக் குதிரைக்கு இந்தப் புழுக்கத்துல வர்றதுதான்.”

மே நடுவில் சோதனை. வேலை முடிந்த அரை மணியில் அவன் உடல் சூடு முப்பத்தொன்பதுக்குக் கீழே வர வேண்டும். வந்தால் இங்கேயே இருப்பான். வராவிட்டால் குளிரான கேமரன் மலையில் ஒரு பண்ணை அவனை எடுத்துக்கொள்ளும்.

லாத்தா சிரித்தாள். “ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. ஒரே துணியில தைச்சிடு லா.”

சேணத்தைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

ஏப்ரல் 15, செவ்வாய்

தைக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

லிட்டில் இந்தியாவில் பாதி நாள். துணிக்கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். குதிரைக்கு என்றேன். “பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலமா?” என்று மகிழ்ச்சியாக ஜரிகைத் துணிகளை இறக்கத் தொடங்கிவிட்டார். நிறுத்தப் பத்து நிமிடம்.

ஜாக்கெட்டுக்கு நாங்கள் பயன்படுத்தும் அதே அமைப்பு, பெரிய அளவில். ஒரு குளிர்போர்வை. ஆய்வறையில் நனைத்து விரித்து அளந்தேன். அழகாகக் குளிர்ந்தது. லாத்தாவுக்குப் படம் அனுப்பினேன். இதயம் ஒன்று அனுப்பினாள். அவளும் ஆறு வாரமாக என் ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொள்கிறாள். “நல்லாருக்கா?” என்றால், “சூப்பர்.”

ஏப்ரல் 26, சனி

தோல்வி. இல்லை, தோல்வி என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். நடந்தது.

வேலை முடிந்ததும் போர்வையைப் போர்த்தினோம். லாயத்து அருண்ராஜ் அண்ணன், தன் பங்குக்கு ஓர் ஈரத் துண்டைக் கழுத்திலும் சுற்றினார். “பாருங்க பாய், மாப்பிள்ளை மாதிரி இருக்கான்.” நாங்கள் மூவரும் அவனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அவன் மூக்குத் துளைகள் சட்டை பட்டன் அளவிலிருந்து கைமுஷ்டி அளவுக்கு விரிந்தன. சூடு இறங்கவில்லை. ஏறியது.

சுதா ஓடிவந்து போர்வையை உருவி எறிந்தார். “காத்துல ஏற்கெனவே தண்ணி நிறைஞ்சிருக்கு இம்ரான். இது எங்க ஆவியாகும்? குதிரைக்கு கம்பளி போத்திட்டீங்க.” அப்புறம் குழாய்த் தண்ணீர், நெடுநேரம். பிழைத்தான்.

கையை வைத்துப் பார்த்தேன். என் துணி, இளஞ்சூடாக, ஈரமாக. சாப்பாட்டுக்கடையில் கை துடைக்கத் தரும் வெந்நீர்த் துண்டுபோல.

ஆய்வறையில் ஏசி. இருபத்து மூன்று டிகிரி, வறண்ட காற்று. இந்த ஊர் வெயிலுக்கான ஒன்றை ஏசியில் உட்கார்ந்து அளந்தேன். ஒரு நாள் முழுக்கக் கழியில் காயாத ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே தினமும் பல் தேய்த்தேன்.

திரும்பும்போது டாக்சியில், உட்லண்ட்ஸ் தாண்டியதும் லாத்தா:

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”

“எது?”

“ஜாக்கெட். சுடுதண்ணித் துண்டைப் போத்துன மாதிரி.”

“ஆறு வாரமாவா? லாத்தா!”

“நீ ஆசையா தைச்சே. எப்படிடா சொல்றது?”

மயங்கியிருந்தால்? ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். அவள் என் காதைப் பிடித்து இழுத்தாள், சின்ன வயதில் இழுப்பதுபோல. குதிரைக்கு நாகரிகம் தெரியாததால் எங்கள் இருவருக்கும் உண்மை தெரிந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

தூக்கமில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு ‘சூப்பரையும்’ திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு எதெது சூப்பர் இல்லை?

மே 3, சனி

இனிப் பனிக்கட்டி.

தேக்கா மார்க்கெட்டில் மீன்கடை ரஃபீக் மாமா ஒரு பெட்டி நிறைய நொறுங்கிய பனிக்கட்டி கொடுத்தார். அதை வாளித் தண்ணீரில் போட்டு ஊற்றலாம் என்பது திட்டம். பண்டோங் வாளியை முகர்ந்தான். மேல் உதட்டைச் சுருட்டினான். பின்வாங்கினான். லாயத்தைச் சுற்றி எங்களை இழுத்துக்கொண்டு ஓடினான்.

“தெங்கிரி மீன் வாசம் பாய்,” என்றார் அருண்ராஜ் அண்ணன், மூச்சிரைக்க. “அவன் சுத்த சைவம்.”

லாத்தா நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துச் சரிந்தாள். நான்தான் நிமிர்த்தி உட்காரவைத்தேன். வயிறு வலிக்கிறது என்றாள். வலிக்காது என்று இருவருக்கும் தெரியும். இன்னும் சிரித்தோம்.

மே 10, சனி

பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய பனிக்கட்டி. மீன் வாசம் இல்லை.

போர்வை கிடையாது. குளிர்நீரை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது. வழிந்து போகும் நீரே சூட்டை எடுத்துப் போகிறது. எதிரே பெரிய மின்விசிறி. அருண்ராஜ் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சற்று நேரத்தில் அவன் கண்ணை மூடிக் கீழுதட்டைத் தொங்கவிட்டான். விலாவின் ஏற்ற இறக்கம் மெதுவானது.

லாத்தாவுக்குப் புது ஜாக்கெட்: உறையவைத்த பைகள், கழுத்திலும் தோளிலும். அவளுக்குக் குளிர் தெரிகிற இடங்கள்.

“ஐயோ ஜில்லுன்னு இருக்குடா, பாவி!”

கத்தினாள். எனக்கு அதைவிட நல்ல சொல் வேண்டாம்.

மே 17, சனி

முப்பத்தெட்டு புள்ளி ஏழு.

தேர்ச்சி. சுதா கையெழுத்துப் போட்டார். அருண்ராஜ் அண்ணன் வாளியைக் கவிழ்த்து மேளம் அடித்தார். வீட்டுக்கு முர்தபா வாங்கிப் போனோம். உம்மா, குதிரைக்கும் ஒன்று வாங்கியிருக்கலாமே என்றார்.

மே 20, செவ்வாய்

லாத்தா இன்று வேலைக்கு விடுப்பு. லாயத்துக்குத் தனியாகப் போயிருக்கிறாள். ஏன் என்று சொல்லவில்லை.

மே 21, புதன்

அவன் போகட்டும் என்கிறாள்.

சுதாவிடம் பேசிவிட்டாளாம். பண்ணையிலும் பேசியாயிற்றாம். என்னிடம் கடைசியில்.

நான் கத்தினேன். எழுதுகிறேன். “பாஸ் ஆயிட்டான்ல? எல்லாம் சரியாயிடுச்சுல்ல? அப்புறம் எதுக்கு?”

“நேத்து மத்தியானம் அவன் சும்மாதான் நின்னான். யாரும் ஏறல. ஓடல. அப்பவும் அப்படித்தான் மூச்சு வாங்குறான். ஓடி முடிச்சா நாம தண்ணி ஊத்துறோம். சும்மா நிக்கிறப்ப யாரு ஊத்துறது?”

“அங்க மின்விசிறி இன்னொண்ணு வைக்கலாம். நான் ஏதாவது செய்றேன். டைம் குடு.”

“நாம சனிக்கிழமை வர்றோம் இம்ரான். அவனுக்கு மத்த நாளும் இருக்கு.”

“அப்ப நீ? எது மேல ஏறுவே?”

“நான் சூடானா ஏசி இருக்கிற ரூமுக்குப் போயிடுவேன். எனக்கு கதவு தொறக்கத் தெரியும்.”

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். இப்போது இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பக்கம் நாற்காலி உருளும் சத்தம். கதவுக்கு வெளியே நிற்கிறது. தட்டவில்லை. போகவும் இல்லை.

சரி. அவளுக்குக் கால்போல இருந்தவன். அவள்தானே விடுகிறாள். எனக்கு என்ன உரிமை, கோபிக்க?

என் கருவி வேலை செய்தது. அதைத்தான் நான் விடமாட்டேன் என்கிறேனோ?

போய்த் திறக்கிறேன்.

ஜூன் 14, சனி

காலையில் லாரி வந்தது. வழியில் அவனுக்குச் சூடேறினால் ஊற்றப் பனிக்கட்டிப் பெட்டிகள், மின்கலத்தில் ஓடும் விசிறி இரண்டு. அருண்ராஜ் அண்ணன் பண்ணைவரை கூடவே போகிறார். இந்த மூன்று வாரமும் இதைத்தான் செய்தேன்: அவன் நல்லபடியாகப் போய்ச்சேர ஒரு ஏற்பாடு.

லாத்தா அவன் மூக்கின் ரோஸ் பகுதியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. லாரி கிளம்பியதும், “அவன் முன்பல்லு மஞ்சளா இருக்குன்னு சொன்னேன். ரொம்ப நாளா சொல்லணும்னு,” என்றாள்.

டாக்சியில் என் தோளில் தூங்கினாள். வெகுநேரம் நடித்து, பிறகு நிஜமாக.

ஜூன் 21, சனி

லாயம் இல்லாத முதல் சனி. லாத்தா கதவைச் சாத்திக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தினாள். உம்மா இரண்டு முறை தேநீர் கொண்டுபோனார். இரண்டும் ஆறிப்போய்த் திரும்பின.

ஜூலை 5, சனி

லாயத்துக்குப் போக அவளே டாக்சிக்குச் சொல்லியிருக்கிறாள். சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. பெயர் மிஸ்டி. லாத்தா இடப்பக்கம் சரிந்தாள், அது நின்றது. மறுபடி சரிந்தாள், மறுபடி நின்றது. அரை மணி இப்படியே. முகம் இறுகியிருந்தது. இறங்கியபின், “அறிவுகெட்ட கழுதை,” என்றாள். அடுத்த வாரமும் அதற்கே முன்பதிவு.

ஜூலை 26, சனி

மலையிலிருந்து ஒரு காணொளி. பண்ணைப் பெண் ஒருத்தி பண்டோங்மேலிருந்து இறங்கிச் சேணத்தைக் கழற்றுகிறாள். அடியில் முதுகு முழுக்கக் கறுத்து நனைந்திருக்கிறது. கழுத்தில் நுரை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. புல்வெளிக்கு நடந்துபோய்ப் புரண்டு, மண்ணோடு எழுந்து உதறுகிறான்.

லாத்தா நான்கு முறை பார்த்தாள். “எப்படி நாறுவான் இப்ப,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பிறகு அவள் முறை. மிஸ்டி இன்று ஒரே ஒரு முறை, தப்பித்தவறியதுபோல, அவள் சரிந்த பக்கம் ஓர் அடி வைத்தது. இறங்கியதும் புது ஜாக்கெட்டைப் போட்டுவிட்டேன். தோளில் பைகளைச் சரிசெய்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுப்பதற்குள்:

“எடப் பக்கம் தையல் குத்துது. கழுத்துல ரொம்ப வெயிட்டு. இந்தக் கலர யாரு எடுத்தா, உன் ரசனைக்குத் தீ வைக்க. மாத்து.”

மாத்துறேன் லாத்தா.

தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.