காகிதம் கட்டிய கொய்யா

12.8.1984, ஞாயிறு

இன்று என் வீட்டுக்காரருக்கு முதல் திதி. படையலில் அவர் நட்ட கொய்யாவைத்தான் வைக்கவேண்டும் என்று இருந்தேன். அதற்காகவே இந்த வருடம் நானே ஏணியில் ஏறி, ஒவ்வொரு காய்க்கும் பேப்பர் சுற்றி ராஃபியா கயிற்றால் கட்டியிருந்தேன். காலையில் பறித்துப் பிரித்தேன். பதினேழு பழம். எல்லாவற்றிலும் புழு.

அவருடைய தங்கை வந்து பார்த்தாள். “எப்ப அண்ணி கட்டுனீங்க?”

“காய் நல்லா பெருத்த பெறகுதான்.”

“லேட்டு லா அண்ணி. ஈ அதுக்குள்ள முட்டை வெச்சிருக்கும். அண்ணன் பிஞ்சுலயே கட்டிடுவாரு, தெரியாதா?”

தெரியாது. இருபது வருடம் கீழே நின்று ஏணியைப் பிடித்திருக்கிறேன். ஒருநாளும் கேட்கவில்லை.

“சரி, பாசார்ல வாங்கிட்டு வரவா?”

வேண்டாம் என்றேன். ஒரு பழத்தில் புழு அரித்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இலையில் வைத்தேன். கட்டியும் புழு விழுந்த ஒன்றிரண்டை அவரும் அப்படித்தான் தின்பார். சொத்தை இல்லாத பழத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, “புழு ருசி பாத்துட்டுத்தான் நமக்கு விட்டிருக்கு” என்று சிரிப்பார்.

படையல் முடிந்து அந்தத் துண்டை நான்தான் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.