ஆட்டுக்குத் திருஷ்டி கழித்தவருக்கு

பக்கத்து வீட்டில் யாருக்கோ மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். நெடி இருமலைக் கொண்டுவந்தது, கூடவே உங்களையும். வேறு எதற்கு உங்கள் நினைப்பு வரும்? அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு, கிடாய்க்குக் கத்துகிற வெள்ளாட்டுக்குத் திருஷ்டி கழித்த ஆள் முதலமடை ஊரிலேயே நீங்கள் ஒருத்தர்தான்.

அன்றைக்குக் கருப்பி காலையிலிருந்தே கத்தியது. தீனியைத் தொடவில்லை. வால் நிற்காமல் ஆடியது, பின்பக்கம் ஈரம், கூட நின்ற ஆட்டின் மேல் தாவியது. ஆடு வளர்க்கிற எவருக்கும் தெரியும். நீங்கள் உப்பையும் மிளகாயையும் எடுத்தீர்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ருக்மணியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, அது பருவத்துக்கு வந்திருக்குதுங்க. எங்கூட்டுக் கெடாய்கிட்ட ஓட்டியாங்க."

"நீங்க பாத்துப் பாத்துத்தானுங்க அது இப்படிக் கத்துது. உள்ள போங்க!"

மறுநாள் ஆடு அடங்கியது. பருவம் கழிந்தால் அடங்கத்தானே செய்யும்? "பாத்தியா புள்ள, என்ற கைராசி" என்று மீசையைத் தடவினீர்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி கத்தல், மறுபடி மிளகாய். இப்படியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டு, "இது மலடு, கறிக்குத்தான் ஆகும்" என்று தீர்ப்பு வேறு.

உங்கள் நெஞ்சு வலித்தபோதும் இதே புத்திதான். வாயு என்று சுக்குத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "உனக்கென்ன தெரியும், போ." அன்றைக்கே போய்விட்டீர்கள், பெரிய வைத்தியர்.

அடுத்த பருவத்தில் நானே கருப்பியை ருக்மணியக்கா வீட்டுக்கு ஓட்டிப் போனேன். அதற்கப்புறம் அது கத்தவே இல்லை. வயிறு வலப்பக்கம் இறங்கியது, இப்போது மடியும் கனத்திருக்கிறது. அதையெல்லாம் பார்க்கத் தெரியாத உங்கள் தம்பி போன வாரம் கறிக்கடைக்காரரோடு வந்து நின்றார்.

"மலட்டாட்ட வெச்சுட்டு என்னங்கண்ணி பண்றீங்க? அண்ணன் அப்பவே சொன்னதுதானுங்க."

நான் கருப்பியைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன். கறிக்கடைக்காரர் அதன் வயிற்றில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். "ஏனுங்க, உள்ள குட்டி ஒதைக்குதுங்க. சினையாட்டுக்கா என்னியக் கூட்டியாந்தீங்க?" அசடு வழியும்போது உங்கள் தம்பிக்கும் உங்கள் முகம்தான்.

நீங்கள் இருந்திருந்தால் இதையும் உங்கள் சாமர்த்தியம் என்று டீக்கடையில் அளந்திருப்பீர்கள். அளந்து தொலைத்திருக்கலாம். கருப்பிக்குத் தழை போடப் போனால், "ஏனுங்க, நீங்கெல்லாம் ஒரு மனுசனா" என்று வாய் தானாகத் தொடங்குகிறது. மீதியைக் கேட்கத்தான் ஆள் இல்லை. விழுங்கிக்கொள்கிறேன்.