கல்யாணத்தில் சுட்ட குண்டு

ஏதென்ஸ்,
பிப்ரவரி 9, 1998

அன்புள்ள கலியோப்பி அக்காவுக்கு,

நீ அனுப்பிய பாலாடைக்கட்டி வந்தது. சாப்பிட்டேன். அதற்காக உன் புகுந்த வீட்டை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன் கல்யாணத்தில் குஷி தலைக்கேறி வானத்தைப் பார்த்துச் சுட்ட உன் கொழுந்தன் சிஃபிஸ், போதையில் கை தாழ்ந்து என் முதுகெலும்பை உடைத்தான். இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சியே இல்லை.

இந்த மறுவாழ்வு நிலையத்தில் எனக்குத் தொழில் கற்றுத்தருகிறார்களாம். மலையில் ஆடு மேய்த்தவனுக்குப் பால் கறக்கும் மெஷினைப் பழுதுபார்க்கும் வேலை. நேற்று பட்டறை வாத்தியார், “மலையை மறந்துடுப்பா, மெஷினைப் பாரு” என்றார். ஸ்பானரை அவர் முகத்தில் எறிந்தேன். முன்பல் தெறித்தது.

அப்பாவும் அண்ணன் ஸ்த்ராதிஸும் என் சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள். அடிபட்டவன் உயிரோடு இருக்கும்வரை பழிவாங்கச் சொல்லும் உரிமை அவனுடையதுதானே? ஈஸ்டருக்குள் சொல்லிவிடுவேன். சிஃபிஸின் குடல் தெருவில் சரிய வேண்டும்.

உன் தம்பி,
மனூசோஸ்

மலையிலிருந்து,
பிப்ரவரி 27

தம்பி மனூசோஸுக்கு,

ஒரு மனுஷனின் பல்லை உடைத்ததற்கு உன்னை மெச்ச மாட்டேன். சாப்பிடுகிறாயா, புண் வராமல் உடம்பை மாற்றி உட்காருகிறாயா, அதை எழுது.

சிஃபிஸ் எங்கள் வீட்டு ஜன்னலில் மெத்தையை அடைத்துவிட்டு, மடியில் துப்பாக்கியோடு கிடக்கிறான். நேற்று கதவை முட்டிய எங்கள் கழுதையையே சுட்டுவிட்டான். சுவரில் தெறித்த ரத்தத்தைக் கழுவியவள் நான். “உங்க தம்பி என்னைக் கொன்னுடட்டும் அண்ணி, காத்துக் கிடக்க முடியலை” என்று அழுகிறான். எனக்கும் அவன்மேல் கோபம் ஆறவில்லை. ஆனால் அவன் செத்தால் என் கணவர் வார்திஸ் நம் அண்ணனைக் கொல்வார். நான் எந்தப் பிணத்தின் பக்கம் உட்கார்ந்து அழுவது?

மெஷின் கெட்டால் பார்க்க இந்த மலையில் ஆளே இல்லை. யோசி.

அக்கா,
கலியோப்பி

ஏதென்ஸ்,
ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டறையில் பழுக்கக் காய்ந்த பற்றவைப்புக் கோல் மடியில் விழுந்தது எனக்குத் தெரியவில்லை. கறி தீயும் நாற்றம் வந்த பிறகுதான் குனிந்தேன். என் தொடை. கத்தித் தீர்த்தேன். கட்டுப்போட்டதும் திரும்ப வந்து, பழுதுபார்த்துக்கொண்டிருந்த மெஷினை ஓடவைத்தேன். அது ஓடிய சத்தம் சந்தோஷமாக இருந்தது அக்கா, ஒளிக்க மாட்டேன். வாத்தியார் பொய்ப்பல் தெரியச் சிரித்தார்.

ஊருக்கு வந்து பட்டறை வைக்கிறேன். பிணம் விழுகிற தெருவுக்கு எவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவான்? சிஃபிஸைத் தொடக்கூடாது என்று அப்பாவுக்கு எழுதிவிட்டேன். மன்னிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

தம்பி,
மனூசோஸ்

மலையிலிருந்து,
ஏப்ரல் 13

மனூசோஸ்,

எப்படி எழுதுவேன்? மகனுக்குத் தொழில் வந்துவிட்டது, பகையும் தீர்ந்தது என்று காபிக் கடையில் எல்லாருக்கும் ராக்கிச் சாராயம் வாங்கிக் கொடுத்தார் அப்பா. உன் கடிதம் என் கைக்கு வருமுன் அந்த நல்ல செய்தியைத் தானே சொல்லப் போகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த மனுஷன் வாயால் கூப்பிட்டிருக்கலாம். நம் ஊர் வழக்கப்படி, சந்தோஷத்தில் வானத்தை நோக்கிச் சுட்டார். கொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று சிஃபிஸ் மெத்தை இடுக்கு வழியாகச் சுட்டான். அப்பாவுக்கு முகமே இல்லை. துணி சுற்றித்தான் புதைத்தோம்.

சிஃபிஸைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. குழிமேட்டில் அண்ணன் என்னிடம், “தம்பி சொல் இனிமே செல்லாது. செத்தது அப்பா, மூத்தவன் நான். சிஃபிஸ் ஜெயில்ல இருந்தா என்ன, உன் புருஷன் வெளியிலதானே இருக்கான்” என்றான். வார்திஸ் இப்போது அதே மெத்தைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். நீயாவது பிழைத்துக்கொள். இங்கே வராதே.

கலியோப்பி

ஏதென்ஸ்,
ஏப்ரல் 20

அக்கா,

வியாழக்கிழமைக் கப்பலில் நம் தீவுக்கு வருகிறேன். அப்பாவுக்காக அழுதுவிட்டேன், வந்தும் அழுவேன். பட்டறையை நம் வீட்டில் போடவில்லை. உன் வீட்டு வாசலில், கதவை மறித்து மேசையைப் போட்டு உட்காரப்போகிறேன். அண்ணனுக்கும் எழுதிவிட்டேன்: வார்திஸைச் சுட வேண்டுமானால் முதலில் என்னைச் சுடு, இடுப்புக்கு மேலே மிச்சமிருப்பதையும் முடித்துவிடு. இல்லையென்றால் உன் மெஷினைக் கொண்டு வா, பார்த்துத் தருகிறேன்.

சுடுவானா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

வார்திஸிடம் சொல்லி வாசற்படியை இடித்துவை. என் சக்கர நாற்காலி ஏறாது.

மனூசோஸ்