நகர்த்த மறந்த நிழல்

மச்சான்,

போன சனிக்கிழமை இங்கே டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரிலுள்ள என் வீட்டு வேலிக்குப் பெயின்ற் அடிக்க டின்னைத் திறந்தேன். டர்பன்டைன் மணத்தோடு நீயும் வந்துவிட்டாய். ஆனி மாத வெயில் இறங்க மனமில்லாமல் நின்றது. வேலியின் நிழல் புல்லில் மெல்ல மெல்ல ஊர்வதைப் பார்த்தபடி பிரஷைக் கையிலேயே வைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் கடைப்பலகை எழுதிக்கொண்டிருந்த நம் இருவரையும் சண்டைக்காலத்தில் இயக்கக்காரர் பொய் லொறி வரையக் கூப்பிட்டார்கள். சாக்குகளைத் தைத்து, மேலிருந்து பார்த்தால் லொறியாகத் தெரியும்படி வரைந்து, வெட்டை வெளியில் விரித்தோம். விமானம் அதன்மேல் குண்டு போட்டால் மாந்தோப்பில் ஒளித்திருந்த நிச லொறி தப்பும். நிழலைத் தனிச் சாக்கில் கரி பூசிச் செய்தது உன் மூளை. "சூரியன் போற பக்கம் பாத்து இதையும் இழுக்கவேணும். இல்லாட்டி மேலை இருக்கிறவன் சிரிப்பான்," என்றாய். நிழல் இழுக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேம்படியில் கண்ணயர்ந்தேன். விமானச் சத்தத்தில் விழித்தபோது மரங்களின் நிழல் கிழக்கே சாய்ந்திருந்தது. நம் லொறியின் நிழல் மட்டும் காலையில் போட்டபடி மேற்கே கிடந்தது. விமானம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாந்தோப்பில் குண்டு போட்டது. நிச லொறிக்குள் உன் தம்பி இருந்தான்.

விசாரித்தவர்களிடம் நான் வாய் திறக்குமுன், "மறந்தது நான்தான்," என்றாய். பிறகு என் காதில், "உன்னைச் சும்மா விடமாட்டாங்கள். தம்பியைக் குடுத்தவனை என்ன செய்யப்போறாங்கள்?" என்றாய். உன் அம்மாவிடமும் மறந்தது நீதான் என்றே சொன்னாய். அன்றோடு அவர் உன்னோடு கதைப்பதை விட்டார். டென்மார்க் வந்தும் விட்டது விட்டதுதான். கோல்டிங் நகரில் அவர் இருக்கும் உன் தங்கச்சி வீட்டு வாசலில் மீன் பொதியை வைத்துவிட்டுத் திரும்பி வருவாய். நான் சொல்லிவிடுகிறேன் என்றால், "இப்ப சொல்லி அவன் வரப்போறானோ?" என்பாய். நான் கோழை, மச்சான். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. மாசியில் நீ போனாய். உன் செத்தவீட்டுக்கும் அம்மா வரவில்லை.

சனிக்கிழமை பிரஷைக் கழுவாமலே கோல்டிங்குக்கு ரயில் ஏறினேன். அம்மாவின் காலடியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஏசுவார் என்று பார்த்தேன். யன்னல் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"மூத்தவன்ரை படம் என்னட்டை ஒண்டுமில்லை. நீ வச்சிருக்கிறியோ?"

"ஓமம்மா. கொண்டுவாறன்."

இதை மறுபடியும் கோல்டிங் போகும் ரயிலில் இருந்து எழுதுகிறேன். படம் என் சட்டைப் பையில் இருக்கிறது. உன் வீட்டுப் பின்வளவில் ஒரு பின்னேரம் நான் எடுத்தது. நீ சிரிக்கிறாய். உன் நிழல் புல்லில் நீளமாகக் கிழக்கே விழுந்திருக்கிறது, இருக்கவேண்டிய இடத்தில்.